இணையத்திற்கும் ஒரு பூட்டு வேண்டும்

லயத்து வீடுகளில் வாழ்ந்து பழகிய நமக்கு ஒன்று நன்கு தெரியும். ஒரு வீட்டில் வானொலி பாடினால் அடுத்த நான்கு வீட்டாரும் அதைக் கேட்டு மகிழ்வர். வானொலிக்கு உரியவருக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை. இன்று தோட்டப்புற வீடுகளிலும் 'வைஃபை' எனப்படும் கம்பியில்லா இணையம் இடம்பெற்று வருகிறது. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், வங்கிக் கணக்கு, வெளியூர் உறவினருடன் உரையாடல் ஆகிய யாவும் அதன்வழி நடைபெறுகின்றன. இதன் அலைகளும் பலகைச் சுவரைக் கடந்து அண்டை வீடுகளுக்குச் செல்கின்றன. ஆயினும், வானொலியைக் கேட்க மட்டுமே முடியும். பூட்டப்படாத இணையத்தின் வழியாகவோ, வெளியார் ஒருவர் நம் பெயரிலேயே செயற்பட முடியும்.

சட்டம் கூறுவது யாது?

இதனை நாம் எளிதாகக் கருதலாகாது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில், 2012ஆம் ஆண்டில் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் இணையத் தொடர்பிலிருந்து ஏதேனும் வெளியிடப்பட்டால், அத்தொடர்பின் சந்தாதாரராகப் பதிந்திருப்பவரே அதனை வெளியிட்டவர் என அப்பிரிவு அனுமானிக்கிறது. அவ்வாறு இல்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் சந்தாதாரரே.

யாரோ ஒருவர் நம் இணையத்தில் நுழைந்து அவதூறோ மிரட்டலோ எழுதினால், "அதை எழுதியவன் நான் அல்லேன்" என்று காட்டும் சுமை நம் தலையில் விழக்கூடும். பால்மரம் சீவும் வேலையை விட்டுவிட்டு, காவல் நிலையத்திற்கும் வழக்கறிஞரிடமும் அலைவது ஓர் உழைக்கும் குடும்பத்திற்கு எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியை வைக்கும் இடம்

இணைய அலைகளைப் பரப்பும் கருவியை 'ரௌட்டர்' என்பர். அதனை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்திற்கு வைத்தல் நலம். தகரமும் இரும்பும் அலைகளைத் தடுக்கும். ஆதலால் இரும்பு அலமாரிக்குள்ளோ குளிர்பெட்டியின் பின்னாலோ வைக்கலாகாது. பெரும்பாலான ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இருவகை அலைகளைப் பரப்புகின்றன. முன்னது தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். இடி மின்னலின்போது மின்கம்பியையும் இணையக் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும்.

ஐந்து பூட்டுகள்

பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளில், அதன் அமைப்புப் பக்கத்திற்குச் செல்லும் முகவரி இருக்கும். அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதாகும். ரௌட்டருடன் இணைந்த கைப்பேசியில் அதனைத் தட்டினால் அப்பக்கம் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை இவை:

1. அமைப்புப் பக்கத்திற்கான நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுக. பல பெட்டிகளுக்குத் தொழிற்சாலையில் ஒரே சொல்லே இடப்படுகிறது. அதை அறிந்த ஒருவர் நம் தொடர்பில் நுழைந்துவிட்டால், நம்மைப் போலியான வங்கிப் பக்கத்திற்குத் திருப்பிவிடவும் கூடும்.

2. வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுக. அது 12 எழுத்துகளுக்குக் குறையாதிருத்தல் நலம். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து அமைத்தால் நினைவிற்கொள்ள எளிது. அடையாள அட்டை எண், பிறந்த நாள், பிள்ளைகளின் பெயர் ஆகியவை வேண்டா.

3. பாதுகாப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'டபிள்யு.பி.ஏ.3' என்பதைத் தேர்க. அது இல்லையெனில் 'டபிள்யு.பி.ஏ.2' போதுமானது. 'டபிள்யு.இ.பி.' என்னும் பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அது துருப்பிடித்த பூட்டுக்கு ஒப்பாகும்.

4. ஒரு பொத்தானை அழுத்தியோ எண் கொடுத்தோ இணைக்க உதவும் 'டபிள்யு.பி.எஸ்.' வசதியை நிறுத்துக. அதன் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் வெளிப்பட்டது.

5. பெட்டிக்குரிய மென்பொருளைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திடுக.

அண்டை வீட்டுப் பிள்ளை கேட்டால்?

"மாமா, பாடம் செய்ய வேண்டும், வைஃபை கொடுங்கள்" என்று அண்டை வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் மறுக்க நமக்கு மனம் வராது. மறுக்கவும் வேண்டியதில்லை. பல ரௌட்டர்களில் விருந்தினருக்கெனத் தனித் தொடர்பு அமைக்கலாம். அதற்கு வேறு கடவுச்சொல் உண்டு. விருந்தினர் கூடத்தோடு நிற்பதுபோல், அத்தொடர்பில் இருப்பவர் நம் வீட்டுக் கருவிகளை எட்ட இயலாதபடி அமைக்கலாம். எனினும், அதுவும் நம் பெயரில் உள்ள தொடர்பே ஆதலால், அறிந்தவருக்கு மட்டும் கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றிவர வேண்டும். அதனைக் கடைச் சுவரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதி வைத்தல் கூடாது.

இத்தனை காத்தும் வங்கிப் பணம் மோசடியில் பறிபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றைச் செய்யச் செலவு ஏதுமில்லை. கைப்பேசியை நன்கு அறிந்த மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். விடியுமுன் வேலைக்குப் புறப்படும்போது வீட்டுக் கதவைப் பூட்டிச் செல்லும் நாம், கண்ணுக்குப் புலப்படாத இக்கதவையும் பூட்டி வைப்போமாக.