கிணற்றடி – 9: கொதித்தாலும் போகாதது

சுன்னாகக் கிணறுகளில் கலந்த கழிவெண்ணெயின் கதையை 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்போடு முடித்தோம். அங்கே எண்ணெய் மிதந்தது, மணத்தது, சனம் கேள்வி கேட்டது. இந்த முறை பார்க்கப்போகும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

உடுப்பிட்டியில் ஒரு வளவு. முன்னால் கிணறு, பின்னால் மலக்குழி, வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம். போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாகிறது. மாரி மழை அதைக் கீழே இறக்க, வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் தடுக்காமல் வழிவிடுகிறது. மலக்குழியும் தன் பங்கைச் சேர்க்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றை அளந்து மகேஸ்வரன், மகாலிங்கம் என்ற ஆய்வாளர்கள் 1983இலேயே எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்றும் அளக்கிறார்கள்.

எப்படி அளப்பது? இந்தக் கிழமை முழுக்க என்னைப் பிடித்துவைத்திருந்தது இந்தக் கேள்விதான். செப்புப் பூசிய கட்மியத் துணிக்கைகளை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, கிணற்றுத் தண்ணீரை மெல்ல மெல்ல ஓடவிடுகிறார்கள். நைத்திரேற்று ஒரு ஒட்சிசனை இழந்து நைத்திரைற்றாகிறது. அதில் சல்பனிலமைட்டும் இன்னொரு சேர்வையும் விட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. நைத்திரேற்று கூடக் கூட நிறமும் கடுக்கும். ஒளிமானியை 540 நனோமீற்றரில் வைத்து அளவை வாசிக்கலாம். இந்த நிறச் சோதனையின் மூலத்தை 1879இல் தந்த பீற்றர் கிரீஸ் ஒரு ஜெர்மானியர். இங்கிலாந்தின் பேர்ட்டனில் பியர் வடிக்கும் ஆலையில் வேலை செய்தவர். பியர் ஆலைக்காரரின் சோதனை எங்கள் கிணற்றடி வரை வந்திருக்கிறது!

அதைவிட என்னை உலுக்கியது வேறு. குழாயில் கட்மியம் செய்வதையே கைக்குழந்தையின் குடலில் கிருமிகள் செய்கின்றன. அங்கே உண்டாகும் நைத்திரைற்று ஈமோகுளோபினை மாற்றிவிட, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் தவிக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்ரர் கொம்லி என்ற வைத்தியர்தான் தோட்டக் கிணறுகளையும் நீலம் பாய்ந்த குழந்தைகளையும் முதலில் முடிச்சுப் போட்டார். குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

“கொதிக்க வைச்சுத்தானே மோனை பிள்ளைக்குப் பால் கரைக்கிறம்” என்றார் உடுப்பிட்டி அம்மம்மா ஒருவர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. நைத்திரேற்று ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நெடுநேரம் கொதித்து வற்றிய கேத்தில் தண்ணீரில் பால்மா கரைப்பதுதான் மோசம். கவனமாகக் காய்ச்சும் தாய்க்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்? தாய்ப்பாலில் இந்தப் பயம் மிகக் குறைவு. போத்தல்பால்தான் என்றால், ஆறு மாதம் வரையாவது சோதித்த தண்ணீரில் கரையுங்கள்.

பூச்சிகொல்லிக்கு இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம், வெங்காயத் தோட்டத்திலிருந்தே தொடங்கும்.