பராமரிப்பவரை மறவாதிருப்போம்



மாதத்தின் முதல் வெள்ளியன்று, நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதி வீடுகளுக்கு நாங்கள் செல்வதுண்டு. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்கிறார். ஆனால் 'அருள் நிறைந்த மரியே' செபத்தைத் தொடங்கினால் ஒரு சொல்லும் தவறாமல் சொல்லி முடிக்கிறார். நாங்கள் வியந்து நிற்கிறோம். வழியனுப்ப வாசல்வரை வந்த மகளோ, "ஃபாதர், நேற்று அம்மாவை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்" என்று சொல்லி அழுகிறார். இது ஒரு வீட்டில் மட்டும் நாங்கள் கேட்ட சொல் அல்ல.

'வயதானால் மறதி வரத்தானே செய்யும்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பு அன்று. மூளையின் செல்கள் சேதமடைவதால் வருவது. அதன் வகைகளில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது.

இந்நோயில் புதிய நினைவுகள் முதலில் மறைகின்றன. சிறுவயதில் பதிந்தவை நெடுநாள் தங்குகின்றன. அதனால்தான் செபம் நினைவிருக்கிறது. சற்றுமுன் சாப்பிட்டது நினைவில்லை. 'மருமகள் சோறே போடுவதில்லை' என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னால், அது பொய்யுமல்ல, பிடிவாதமுமல்ல, நோய்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் மருமகளின் மனம் என்ன பாடுபடும்? இரவில் தூக்கமில்லை. ஒரே கேள்விக்கு நூறுமுறை பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்த துக்கம். இறந்தவருக்காக அழலாம், எதிரில் அமர்ந்திருப்பவருக்காக எப்படி அழுவது? அந்தத் துக்கமே பலமுறை கோபமாக வெடிக்கிறது. பிறகு குற்ற உணர்வு வாட்டுகிறது.

'நம் ஊரில் கூட்டுக் குடும்பம் உண்டே, சுமை குறைவுதானே' என்று எண்ணலாம். 1998-ல் கொச்சியில் உருவான '10/66' ஆய்வுக் குழு, சென்னை, வேலூர் உட்படப் பல இடங்களில் மறதி நோயை ஆய்வு செய்தது. வளரும் நாடுகளிலும் பராமரிப்பவரின் மனச்சுமை மேலை நாடுகளுக்குக் குறைந்ததல்ல என்பதையே அக்குழு கண்டது. வீட்டில் பலர் இருந்தாலும் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில்தான் விழுகிறது.

தந்தையின் அறிவு மங்கினாலும் அவரிடம் பொறுமையாயிருக்கும்படி சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. அதே வேளையில், உணர்வுகள் தம்மிலே பாவமுமல்ல, புண்ணியமுமல்ல என்பது திருச்சபையின் போதனை. எனவே, பராமரிக்கும் சகோதரியே, கோபம் வந்ததாலேயே நீங்கள் கெட்ட மகளாகிவிடவில்லை. கை ஓங்கத் தோன்றும்போது சற்று அடுத்த அறைக்குச் செல்லுங்கள். "எனக்கு முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரிடம் உங்கள் தூக்கத்தைப் பற்றியும் பேசுங்கள்.

மற்றவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ஆலோசனையும் ஆதரவும் அளித்தபோது, பராமரிப்பவரின் மனநலம் மேம்பட்டது. நம் அன்பியங்களும் மரியாயின் சேனையும் வீடு சந்திப்பதை நன்கு அறிந்தவை. போய், "பாட்டி எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றும் கேட்போம். வாரம் இரண்டு மணி நேரம் அந்த அம்மாவின் அருகில் அமர்ந்து செபமாலை சொல்வோம். அந்த மகள் நிம்மதியாகத் தூங்கட்டும், அல்லது ஞாயிறு திருப்பலிக்கு வரட்டும். தொலைவில் இருக்கும் அண்ணன் தம்பிகள் பணம் அனுப்புவதோடு, ஆண்டில் சில வாரங்களாவது வந்து பொறுப்பேற்கட்டும்.

கோபப்பட்டதற்காக அவர் அழுகிறார். அவரைத் தனியே விட்டதற்காக நாம் வருந்துகிறோமா?