ஜன்னல் வழியே வரும் கடல்

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு ‘ட்ரைடன்’ என்றொரு 28 அடிப் பாய்மரப் படகு வந்தது. வரைந்தவர் கார்ல் ஆல்பெர்க். கட்டியவர்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்து பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற பங்காளிகள். அச்சுக்குள் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பிசின் ஊட்டி, காய்ந்ததும் கழற்றி எடுத்த உடல் அது. அடுத்த முப்பது வருடங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வகை ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. கடற்புழு துளைக்காது, உடல் மக்காது என்பதால் பல இன்றும் மிதக்கின்றன. ஐம்பது வயதுப் படகைச் சல்லிசாகவே வாங்கிவிடலாம். செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் கேபின் ஜன்னலில்.

மழை பெய்த மறுநாள் படுக்கை நனைந்திருக்கும். உரிமையாளர் அண்ணாந்து பார்ப்பார். ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் வெளியே சிலிகான் துப்பாக்கியால் ஒரு கோடு இழுப்பார். அடுத்த மழையில் தண்ணீர் இன்னொரு மூலையில் வரும். நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்த அதே இயற்பியல்தான் இது. நன்றாக ஈரம் பற்றும் இரு பரப்புகளுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், தண்ணீர் யாரும் தள்ளாமலே சுமார் 15 சென்டிமீட்டர் மேலேறும். நுழைந்த இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. கசிவைக் கண்டுபிடிக்க நல்ல வழி, கேபினை மூடி, ஊதும் மின்விசிறியால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சட்டத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவது. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வெளியிலிருந்து பூசுவதைப் போல மோசமான வைத்தியம் கிடையாது என்பேன். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேறும் வழியும் அடைபட்டுவிடும்.

அப்படி அடைபட்ட தண்ணீர் சும்மா இருக்காது. பல படகுகளில் மேல்தளமும், சிலவற்றில் கேபின் சுவரும், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தவை. எடை குறைவு, விறைப்பு அதிகம். ஜன்னலுக்காக வெட்டிய விளிம்பில் அந்த மரம் மூடப்படாமல் விடப்பட்டிருந்தால் ஈரம் உறிஞ்சிக் கூழாகிவிடும். கட்டியவர்கள் அரை நூற்றாண்டை நினைத்துக் கட்டவில்லை! ஆகவே சட்டத்தைக் கழற்றியதும் முதல் வேலை, விளிம்பில் மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, உலரவிட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்புவது.

சரி, கசிவு ஏன் வருகிறது? ஒட்டும் பசை, அதாவது சீலன்ட், பலவீனமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் கோளாறு பசையின் பலத்தில் இல்லை, அதன் தடிமனில் இருக்கிறது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஜன்னல் சட்டத்தின் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும்; கண்ணாடியின் இடத்தில் இருக்கும் பலகையின் அக்ரிலிக் சுமார் 70 பங்கு. 60 சென்டிமீட்டர் நீள அக்ரிலிக் பலகை, இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நீள்கிறது. அதைப் பிடித்திருக்கும் சட்டமோ அரை மில்லிமீட்டர்தான். வித்தியாசத்தை இரு முனைக்கும் பங்கிட்டாலும் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். திருகுகளை முழு பலத்தோடு முறுக்கிச் சீலன்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டால் மிஞ்சுவது காகிதக் கனத்துப் படலம்; அது இந்த இழுப்பைத் தாங்காமல் பிய்ந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அதே சீலன்ட் கொஞ்சம் சாய்ந்துகொடுத்து நிமிர்ந்துவிடும்.

எந்தச் சீலன்ட் என்பதும் வேதியியல் கேள்விதான். படகுத்துறையில் பெயர்பெற்ற பாலிசல்ஃபைடு, அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் கெடுத்துவிடும். பாலியூரித்தேன் வகைகளில் சில, அடுத்த முறை சட்டத்தைக் கழற்றவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே, காயும்போது அமிலம் விடாத நடுநிலைச் சிலிகான் பொருந்தும். புளித்த வினிகர் வாடை அடிக்கும் மலிவு ரகம் உலோகத்துக்கு ஆகாது. சட்டத்துக்கும் கேபின் சுவருக்கும் நடுவே என் ஓட்டு பியூட்டைல் நாடாவுக்கு. 1937இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கிய பியூட்டைல் ரப்பரின் வழிவந்த சரக்கு. அது ஒருபோதும் காய்வதில்லை. பிசைந்த மாவு போல இளக்கமாகவே இருக்கும். சிலிகானை அதற்குரிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளவும்: அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது.

இனி சட்டம். அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர்தான் கனம். நன்னீரில் அதுவே போதும். கடலுப்பின் குளோரைடு அயனிகளோ தோலில் பலவீனமான புள்ளிகளைத் தேடிப் பிடித்துக் குழி பறிக்கும். சென்னைக் கடற்கரை வீடுகளின் ஜன்னலில் பூக்கும் வெள்ளைப் பொடியும் இப்படி அரிபட்டு உருவாகும் அலுமினிய ஹைட்ராக்சைடுதான். (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபத்தில் தனிக்கூடமே வைத்திருக்கிறது.) எவர்சில்வர் திருகு கூடச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர்: மின்கலம் தயார். கரைவது அலுமினியம். கரைந்ததில் பிறக்கும் பொடி அதிக இடம் கேட்பதால் திருகு இறுகிக்கொள்ளும். அவசரப்பட்டால் தலை முறியும். மெல்லச் சூடேற்றினால் எவர்சில்வரைவிட அலுமினியம் அதிகம் விரிந்து பிடியைத் தளர்த்தும். திரும்ப மாட்டும்போது மரையில் காப்புப் பசை தடவ மறக்கக் கூடாது.

இயற்கைத் தோல் போதாது என்பதைக் கடல்விமானம் கட்டியவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 1923இல் பிரிட்டனில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமிலத் தொட்டியில் அலுமினியக் கலவையை நேர்மின்வாயாக்கி மின்சாரம் பாய்ச்சி, ஆக்சைடு தோலைத் தடிக்க வைத்தார்கள். இதுதான் அனோடைசிங். 1927இல் கந்தக அமிலத்தில் இதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வந்தது. இன்று பெரும்பாலும் அதுதான். இப்படி வளரும் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. கொதிநீரில் ஊறவைத்து அவற்றை மூடுவார்கள். கடலோரத் தேவைக்கு 25 மைக்ரான் கனம் கேட்பது வழக்கம். இயற்கைத் தோலைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு.

பழைய சட்டம் மங்கிவிட்டதென்று உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் தேய்த்தெடுப்பது இந்த 25 மைக்ரானைத்தான். ஒரு பருவம் வெள்ளிபோல் மின்னும். பிறகு முன்னைவிட வேகமாகப் பொடி பூக்கும். இரும்புக் கம்பளியால் தேய்ப்பது இன்னும் கெடுதல். உலோகத்தில் பதியும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்கலம்.

நல்ல வழி, பலகையையும் எவர்சில்வர் துண்டுகளையும் எடுத்துவிட்டு வெறும் சட்டத்தை அனோடைசிங் பட்டறைக்குக் கொடுப்பது. காஸ்டிக் சோடாவில் பழைய தோலை உரித்துப் புதிதாக வளர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் கரையும்; ஆழமான குழிகள் மறையாது. ஏற்கெனவே மெலிந்த சட்டத்துக்கு இது ஆகாது. பவுடர் கோட்டிங் அழகாக வரும், ஆனால் ஓர் இடத்தில் கீறினால் அடியில் புழுத்தடம்போல அரிப்பு ஊர்ந்து பரவும். வீட்டிலேயே செய்பவர்கள் எபாக்சி ப்ரைமரைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் தேய்ப்பதுண்டு. தேய்த்ததும் வெளிப்படும் உலோகத்தைக் காற்று தொடும் முன்னே எபாக்சி தொட்டுவிடும். மேலே இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயின்ட்.

மாட்டும்போது திருகுத் துளையின் வாயைச் சற்றுக் குடைந்துகொண்டால் பியூட்டைல் அங்கே வளையமாகத் தங்கும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பியூட்டைல் மெதுவாக நகரும் பொருள், குளிரில் இன்னும் மெதுவாக. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் ஓரிரு நாள் இடைவெளி விட்டு அரைச் சுற்று, கால் சுற்று என்று முறுக்கி, பிதுங்குவது நின்றதும் விளிம்பைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவிவிடலாம். உள் அலங்காரப் பலகைகளை மாட்டுவதற்கு முன்பு குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மேலிருந்து அடித்தால் எந்த உயரத்தில் ஓட்டை என்று தெரியாது.