கையேட்டில் இல்லாத கட்டணம்

எம் அண்டை வீட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 20,000 கிலோமீட்டர் ஓடிய தம் காரைப் பராமரிப்புக்காக, வாங்கிய முகவரின் பணிமனையிலேயே விட்டிருந்தார். மாலையில் வண்டி பளபளவென்று திரும்பிற்று. பில்லோ 11,400 ரூபாய். ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. "இவ்வளவு ஆகுமா, தம்பி?" என்று வினவினார். வண்டியில் உறை பிரிக்கப்படாமல் கிடந்த உரிமையாளர் கையேட்டை எடுத்து, பில்லையும் அருகில் வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

கையேட்டின் அட்டவணை கேட்டது, எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுதல். பிரேக், பேட்டரி, ஏர் ஃபில்டர் முதலியவற்றைச் சோதித்தல். அவ்வளவே. எஞ்சினின் உட்புறம் கழுவுதல், இன்ஜெக்டர் சுத்தம், ஏ.சி. கிருமி நீக்கம், மேற்பூச்சுப் பாலிஷ் ஆகியன அதில் இல்லை. இவற்றுக்கு மட்டும் 5,200 ரூபாய்!

மறுநாள் அவர் பணிமனைக்குச் சென்று முறையிட்டார். ஜாப் கார்டில் எழுதப்படாத பாலிஷுக்குரிய தொகையைத் திருப்பித் தந்தனர். ஏனையவை கார்டில் இருந்தன. அடியில் அவருடைய கையொப்பமும் இருந்தது. காலை அவசரத்தில் வாசியாமல் இட்டது. வினாவை வாசித்த பின் விடை எழுதுக என்று எத்தனையோ மாணவரைக் கண்டித்தவர் அவர்!

முகவருக்கு நிலையான வருவாய் தருவது பணிமனையே. ஆதலால் வண்டியைப் பெற்றுக்கொள்பவர் கூடுதல் பணிகளைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை. மறுக்கும் உரிமை நமக்கும் உண்டு. சாவியைக் கொடுக்குமுன் அட்டவணையின்படி தேவையானவற்றை மட்டும் கார்டில் எழுதச் செய்து, மதிப்பீட்டுத் தொகையையும் குறிக்கச் செய்க. பிற பணி எதுவாயினும் நம்மைக் கேட்டே செய்யவேண்டுமென்றும் எழுதுவிக்கலாம். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டுப் பெறுக. 'இலவச சர்வீஸ்' என்பதில் பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. வண்டி ஒருபுறம் இழுத்தாலோ, டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தாலோ வீல் அலைன்மென்ட் அவசியம்.

சிக்கனம் என்ற பெயரில் பிரேக் திரவத்தையும் கூலண்டையும் தள்ளிப்போடுவது தவறு. கையேடு குறிக்கும் காலத்தில் அவற்றை மாற்றியே ஆகவேண்டும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மலைச்சாலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கையில் அந்த ஈரம் ஆவியாகி, பிரேக் பிடிக்காமற் போகலாம்.

வெளிப் பணிமனைக்குச் சென்றால் வாரண்டி போய்விடுமோ என்ற அச்சமும் பலருக்கு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக அளித்த தீர்ப்பில், வெளியாரிடம் பழுது பார்த்த காரணத்துக்காகவே வாரண்டி முழுவதையும் நீக்கும் நிபந்தனை கூடாதென்றது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றமையால், வாரண்டிக் காலம் முடியும்வரை நிபந்தனைகளைப் படித்து, பில்களைப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பு. பணிமனை செவிசாய்க்காவிடின், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். ஜாப் கார்டின் நகலும் பில்லும் அப்போது கையில் இருக்கவேண்டும்.