வாடகையும் கடனே!

சாலைக் கடைத்தெருவில் வாடகைக்குக் கடை நடத்துபவரைக் கேளுங்கள். "எனக்குக் கடனில்லை, வாடகைதான்" என்பார். பெரிய கம்பெனிகளும் நெடுநாள் அப்படித்தான் சொல்லி வந்தன. வணிகவியல் மாணவனாகிய நானும் அதை நம்பினேன்.

விமானக் கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்த விமானங்கள் குறைவு, பெரும்பாலும் குத்தகையே. முன்பு ஆண்டு வாடகை செலவில் சேர்ந்தது. இன்னும் பல ஆண்டுகள் கட்டியாக வேண்டிய தொகையோ ஐந்தொகையில் கடனாகத் தோன்றவில்லை!

உலகக் கணக்கியல் நெறிகளைத் தழுவிய இந்திய நெறிகள், 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரலில் கட்டாயமாயின. அவ்வரிசையில் 116ஆம் நெறி 2019 ஏப்ரல் 1இல் வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளில், சிறு மதிப்புள்ளவை நீங்கலாக, இனித் தரவேண்டிய வாடகை இன்றைய மதிப்பில் கடனாயிற்று. பயன்படுத்தும் உரிமை சொத்தாயிற்று.

இதனால் கம்பெனியின் கையிலுள்ள காசு ஒரு பைசாவும் மாறவில்லை. பின் என்ன பயன்? கடன் வாங்கி விமானம் வாங்கியவனையும் குத்தகைக்கு எடுத்தவனையும் ஒரே தராசில் நிறுக்க முடிகிறது. கடன் கொடுப்போரும் பங்கு வாங்குவோரும் ஏமாறுவதில்லை.

நாளை டெக்னோபார்க்கில் வேலை தேடப்போகும் நண்பர்களே! சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அக்கம்பெனியின் ஐந்தொகை கிடைத்தால் அதையும் புரட்டுங்கள். கட்டடம் பளபளக்கலாம்; அது யாருடையது, இன்னும் எத்தனை ஆண்டு வாடகை பாக்கி என்பதை ஐந்தொகைதான் சொல்லும்.