கூப்பன் தளமும் இளம்பிள்ளைச் சேலையும்

கூப்பன் தளம் என்பது தானாக எதையும் விற்காமல், பிற கடைகள் அளிக்கும் தள்ளுபடிக் குறியீடுகளைத் திரட்டி வைத்து, அவற்றைத் தேடி வருவோரை அக்கடைகளுக்கு அனுப்பி, நடந்த விற்பனைக்குத் தரகு பெறும் இணையத்தளமாகும். இத்தகைய தரகுத் திட்டத்தை அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் கூப்பன்துனியா 2010இலும், ஐதராபாத்தின் கிராப்ஆன் 2013இலும் தோன்றின. தளத்திலுள்ள இணைப்பை ஒருவர் அழுத்தும்போது குக்கி எனப்படும் சிறு குறிப்பு அவருடைய உலாவியில் பதிவாகிறது. குறித்த நாட்களுக்குள் அவர் பொருள் வாங்கினால், அவரை அனுப்பிய தளம் எது என்பதைக் கடை அக்குறிப்பைக் கொண்டே அறிகிறது.

எடுத்துக்காட்டாக, நூறு பேர் வந்து மூவர் மட்டும் ஆளுக்கொன்றாக ஆயிரம் ரூபாய்ச் சேலை வாங்கி, தரகு ஐந்து விழுக்காடாக இருந்தால், தளத்திற்குக் கிடைப்பது 150 ரூபாய். வரவு இவ்வளவு மெலிதாக இருப்பதால் சிறு தளங்கள் எல்லாக் கடைகளின் குறியீடுகளையும் அள்ளிக் குவித்துக் கூட்டம் சேர்க்க முயல்கின்றன. ஆனால் அந்தப் பரந்த களத்தில் பெருந்தளங்கள் முன்பே நிலைகொண்டுவிட்டன. பிறர் பக்கத்தைப் படியெடுத்து இணைப்பை மட்டும் மாற்றும் தளங்களைக் கூகுள் தன் விதிகளிலேயே குப்பை எனக் குறிக்கிறது. பெயர்பெற்ற செய்தித் தளங்களின் நற்பெயரை வாடகைக்கு எடுத்து நடந்த கூப்பன் பக்கங்கள்மீதும் அந்நிறுவனம் 2024 மார்ச்சில் விதி வகுத்து, மே மாதம் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது.

ஆகவே சிறு தளத்தின் வலிமை அதன் குறுகிய எல்லையிலேயே இருக்கிறது. தறிகள் நிறைந்த எடப்பாடியையும், அதே சேலம் மாவட்டத்தில் சேலைக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளையையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு தளத்தை எண்ணிப் பார்க்கலாம். "சேலை கூப்பன்" என்று தேடுபவர் எதையும் முடிவு செய்யாதவர். "இளம்பிள்ளை சாஃப்ட் சில்க் ஆஃபர்" என்று தேடுபவரோ பணத்தைக் கையில் எடுத்துவிட்டவர். இரண்டாமவர்களின் எண்ணிக்கை சிறிதாயினும் அவர்களுக்கு விடை சொல்லும் பக்கங்களும் சிலவே. ஊர்ப்பெயரே எடப்பாடி, இடைப்பாடி என இரு வடிவில் வழங்குகிறது. இளம்பிள்ளையும் எளம்பிள்ளை என்று எழுதப்படுகிறது. இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுவோர் இன்னும் பல வடிவங்களைப் படைக்கின்றனர். சேலை என்பார் ஒருவர், புடவை என்பார் மற்றொருவர். இவ்வேறுபாடுகள் பக்கத்தின் உரையில் இயல்பாக இடம்பெறுமாறு எழுத, அந்த ஊர்ப் பேச்சை அறிந்தவரால்தான் இயலும்.

ஆடித் தள்ளுபடி, கோ-ஆப்டெக்ஸின் தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடி போன்றவை ஆண்டுதோறும் திரும்பி வருபவை. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் திறந்து பழையதைக் கைவிடுவது பெரும் பிழை. ஒரே முகவரியில் பக்கத்தை நிலையாக வைத்து விவரங்களை மட்டும் புதுப்பித்தால், அதற்குப் பிறர் அளித்த இணைப்புகளும் அது ஈட்டிய மதிப்பும் அங்கேயே சேர்ந்துகொண்டு போகும். காலாவதியான குறியீட்டை அன்றே நீக்குவது அதனினும் முதன்மையானது, ஏனெனில் கட்டணப் பக்கத்தில் குறியீடு செல்லாது என்று கண்டவர் அத்தளத்திற்கு மீண்டும் வரமாட்டார்.

ஆயினும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் சிறு கடைக்குத் தரகுத் திட்டமும் இல்லை, குக்கியும் இல்லை. அங்கே கூப்பன் தன் பழைய தொழிலுக்கே திரும்பலாம். விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' நூலில் விளக்கியவாறு, எந்த விளம்பரம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்பதைக் கூப்பனில் அச்சிட்ட அடையாளத்தைக் கொண்டு எண்ணும் முறை அச்சிதழ்க் காலத்திலேயே இருந்தது. அதுபோல் இத்தளத்திற்கென்றே தனிக் குறியீடு ஒன்றைக் கடை வழங்கினால், வாங்குபவர் அதைச் சொல்லும்போது கடைக்காரர் குறிப்பேட்டில் ஒரு கோடு இழுக்கலாம். மாத முடிவில் அக்கோடுகளை எண்ணியே தரகைக் கணக்கிட்டுவிடலாம்.