நான்கு மணி நேரத்தில் முழுமையான கல்வி: தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தின் சமநிலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

புது தில்லி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிடைக்க வேண்டிய கற்பித்தல் நேரம் எவ்வளவு? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு விடை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்.

இந்த நான்கு மணி நேரத்துக்குள் தாய்மொழி, இரண்டாவது மொழி, கணிதம், சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிய அறிவு, கலை, விளையாட்டு ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். நாட்டில் மூன்றாம் வகுப்பை எட்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் சரளமாகப் படிக்க இயலாத நிலையில், நேரம் முழுவதையும் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒதுக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. விரிவான, சமநிலையான பாடத்திட்டம் என்பது வசதியான பள்ளிகளுக்கு மட்டும் உரியதா, அல்லது பின்தங்கிய குழந்தைக்கே அது அதிகம் தேவையா என்பதே இன்றைய விவாதத்தின் மையம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தொடக்கக் கல்விக்கான பாடத்திட்டம் எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என வரையறுக்கிறது. குழந்தையின் முழுமையான வளர்ச்சி, உடல் மற்றும் மனத் திறன்களின் மேம்பாடு, செயல்பாடுகளின் வழியாகவும் தேடலின் வழியாகவும் கற்றல், இயன்றவரை தாய்மொழிவழிக் கற்பித்தல், அச்சமற்ற சூழல், தொடர்ச்சியான மதிப்பீடு ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே, கலையும் விளையாட்டும் நேரம் மிஞ்சினால் நடத்தப்பட வேண்டியவை அல்ல. அவை சட்டம் வலியுறுத்தும் முழுமையான வளர்ச்சியின் பகுதிகளாகும்.

இந்தச் சிந்தனை புதிதன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் நடைபெற்ற கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு கைத்தொழிலை மையமாகக் கொண்ட அடிப்படைக் கல்விக்கு வடிவம் கொடுத்தது. பின்னர், எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி ஆற்றிய உரை நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-இல் அளித்த அறிக்கை, பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்று சுட்டிக்காட்டியது. பாடங்களை அடுக்கிக்கொண்டே போவது பாடத்திட்டத்தை விரிவாக்காது. சுமையை மட்டுமே கூட்டும் என்பது அந்த அறிக்கை விட்டுச் சென்ற பாடம்.

தற்போதைய கட்டமைப்பு

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிக் கல்வியை 5+3+3+4 என்ற நிலைகளாகப் பிரித்தது. மூன்று வயது முதல் இரண்டாம் வகுப்பு வரை அடித்தள நிலை. மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் ஆயத்த நிலை. அடித்தள நிலைக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு 2022 அக்டோபரிலும், பள்ளிக் கல்வி முழுமைக்குமான கட்டமைப்பு 2023 ஆகஸ்டிலும் வெளியிடப்பட்டன.

ஆயத்த நிலையில் இரண்டு மொழிகள், கணிதம், நம்மைச் சுற்றியுள்ள உலகம், கலைக் கல்வி, உடற்கல்வியும் நலவாழ்வும் ஆகியவை கற்றல் பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. அறிவியலும் சமூக அறிவியலும் இந்த வயதில் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்கப்படவில்லை. நீர், உணவு, வீடு, பயணம் போன்றவற்றைக் குழந்தை ஒரே அனுபவமாகவே அறிகிறது என்பதே இதற்குக் காரணம்.

என்சிஇஆர்டி 2024-இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் புத்தகங்களில் கலைக்கு 'பான்சுரி', உடற்கல்விக்கு 'கேல் யோகா' எனத் தனி நூல்கள் இடம்பெற்றன. மொழிக்கும் கணிதத்துக்கும் நிகரான இடம் இவற்றுக்கும் உண்டு என்பதை இந்த வெளியீடு உணர்த்தியது. எனினும், புத்தகம் அச்சாவதும் அதற்குரிய பாடவேளை நடப்பதும் ஒன்றல்ல.

முப்பது பாடவேளைகளின் கணக்கு

ஒரு பாடவேளை 40 நிமிடங்கள் எனக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஆறு பாடவேளைகள் அமையும். வாரத்துக்கு ஐந்து நாட்கள் எனில் முப்பது. எடுத்துக்காட்டாக, தாய்மொழிக்கு 8, கணிதத்துக்கு 7, இரண்டாவது மொழிக்கு 5, சுற்றியுள்ள உலகத்துக்கு 5, உடற்கல்விக்கு 3, கலைக்கு 2 எனப் பகிர்ந்தால் முப்பதும் நிறைந்துவிடும். இதில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள ஒன்றைக் குறைத்தாக வேண்டும்.

தேர்வு நெருங்கும்போதோ, ஆசிரியர் விடுப்பில் இருக்கும்போதோ முதலில் கைவிடப்படுபவை கடைசி இரண்டு வரிகளில் உள்ள ஐந்து பாடவேளைகளே. அவற்றை நீக்குவதால் வாரத்துக்கு 200 நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த நேரம் உண்மையில் வாசிப்பை வளர்க்கிறதா, அல்லது அதே பாடத்தை மீண்டும் பார்த்து எழுதுவதில் கழிகிறதா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

வாசிப்பு நெருக்கடி

அடிப்படைத் திறன்களைப் பற்றிய கவலைக்கு வலுவான காரணம் உண்டு. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாக நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்பு நிலையிலான பத்தியைப் படிக்கக் கூடியவர்கள் 2018-இல் 27.3 விழுக்காடாக இருந்தனர். கொரோனா காலப் பள்ளி மூடலுக்குப் பின் 2022-இல் இது 20.5 விழுக்காடாகச் சரிந்து, 2024-இல் 27.1 விழுக்காடாக மீண்டது. இழந்த நிலை ஏறத்தாழத் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனாலும், நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

இதனை மாற்றவே 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' இயக்கம் தொடங்கப்பட்டது. மூன்றாம் வகுப்பின் முடிவில் ஒரு குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும். 9,999 வரையிலான எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். இந்த இலக்கை 2026-27-ஆம் ஆண்டுக்குள் எட்டுவது நோக்கமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள் 'பொருள் உணர்ந்து' என்பவை. எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம். ஆனால், படித்ததைப் புரிந்துகொள்ளச் சொல்வளமும் உலகத்தைப் பற்றிய அறிமுகமும் தேவை. கிணற்றையோ கடலையோ கண்டிராத, கேட்டிராத, வரைந்திராத குழந்தைக்கு அவற்றைப் பற்றிய பத்தி வெறும் ஒலிகளின் வரிசையே. வீட்டில் புத்தகங்களும் பயணங்களும் வாய்க்கப் பெற்ற குழந்தை இந்த அறிமுகத்தைப் பள்ளிக்கு வெளியே பெற்றுவிடுகிறது. அந்த வாய்ப்பு இல்லாத குழந்தைக்குப் பள்ளி ஒன்றே வழி. ஆகவே, பாடத்திட்டத்தைச் சுருக்கும்போது அதிகம் இழப்பது பின்தங்கிய குழந்தைதான்.

ஒரு கருப்பொருள், பல பாடங்கள்

நேரத்தைக் கூட்டாமல் விரிவை எட்டும் வழி, பாடங்களை ஒன்றோடொன்று இணைப்பதாகும். மேற்கு ராஜஸ்தானில் மழைநீரைச் சேமிக்கும் 'டாங்கா' எனப்படும் நிலத்தடித் தொட்டிகள் பல வீடுகளில் உண்டு. அப்பகுதியின் மூன்றாம் வகுப்பு, 'நீர்' என்ற தலைப்பில் ஒரு வாரம் செலவிடுவதாகக் கொள்வோம். தொட்டியில் எத்தனைக் குடம் நீர் பிடிக்கும் எனக் கணக்கிடுவது கணிதம். தொட்டி கட்டப்பட்ட விதத்தைப் பாட்டியிடம் கேட்டு வந்து சொல்வதும் எழுதுவதும் மொழி. நீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமந்து வருகிறார்கள் என்பது சுற்றியுள்ள உலகம். தொட்டியை வரைவதும், தண்ணீர் பற்றிய நாட்டார் பாடலைப் பாடுவதும் கலை.

மேகாலயாவின் ஜெயந்தியா மலைப்பகுதியில் இதே தலைப்பு மூங்கில் குழாய்வழிப் பாசனத்திலிருந்து தொடங்கலாம். கற்றல் இலக்கு ஒன்றாக இருந்தாலும் பாடப்பொருள் இடத்துக்கு ஏற்ப மாறலாம் என்பதற்கு இவை சான்று. கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே, தேசியக் கட்டமைப்பு இருந்தாலும் மாநிலங்கள் தங்கள் பாடத்திட்டத்தைத் தாமே உருவாக்குகின்றன. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் தனக்கெனப் பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது.

இணைத்துக் கற்பிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பெருக்கல் வாய்பாடு, எழுத்து அறிமுகம் போன்றவற்றுக்கு முறையான, தொடர்ச்சியான பயிற்சி தேவை. அவற்றைத் தனிப் பாடவேளையில் கற்பித்து, பிற பாடவேளைகளில் பயன்படுத்தச் செய்வதே உகந்த முறை.

மொழியும் இச்சமநிலையின் ஒரு பகுதியே. வீட்டில் சந்தாலி, சவரா, குயி போன்ற மொழிகளைப் பேசும் குழந்தை, முதல் நாளிலேயே ஒடியா மொழிப் புத்தகத்தைச் சந்திக்கும்போது எந்தப் பாடத்தையும் பின்தொடர இயலாது. இதனை உணர்ந்தே ஒடிசா அரசு இரு பத்தாண்டுகளாகப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை வழங்கி வருகிறது.

ஆசிரியர் எத்தனை பேர்?

காகிதத்தில் சீராக அமைந்த பாடத்திட்டம் தடுமாறும் இடம் ஆசிரியர் எண்ணிக்கையாகும். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் அளவுகோல். அங்கு வகுப்புகளோ ஐந்து. அளவுகோலை முழுமையாகப் பின்பற்றும் சிறிய பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளைக் கவனித்தாக வேண்டும்.

இந்த அளவுகோலும் எட்டப்படாத பள்ளிகள் ஏராளம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன. அவற்றில் 33 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயில்கின்றனர். ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனியே கற்பிக்க முயன்றால், ஒரு வகுப்புக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 48 நிமிடங்களே. அந்நிலையில் கலையும் விளையாட்டும் மட்டுமன்றி, கணிதமும் முழுமை பெறாது.

கலை, உடற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் எனச் சட்டம் கூறுவது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு மட்டுமே. தொடக்க வகுப்புகளில் பாட்டும் ஓவியமும் விளையாட்டும் வகுப்பாசிரியரின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளன. பணிக்கு முந்தைய பயிற்சியில் அவருக்கு இவை எவ்வளவு ஆழமாகக் கற்றுத் தரப்படுகின்றன என்பது பாடத்திட்டத்தின் வெற்றியோடு நேரடியாகத் தொடர்புடையது.

பல வகுப்புகளை ஒருசேரக் கற்பிக்கும் முறைக்கு நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலி கல்வி மையம், சிறிய ஊரகப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளும் படிநிலை ஏணியும் கொண்ட முறையை உருவாக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேற அது இடமளித்தது. தமிழ்நாட்டில் பின்னர் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றலுக்கு இதுவே அடிப்படையாக அமைந்தது.

அளவிடப்படுவதே கற்பிக்கப்படுகிறது

2024 டிசம்பரில் நடத்தப்பட்ட 'பரக்' தேசியக் கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் மொழியும் கணிதமும் மட்டுமே சோதிக்கப்பட்டன. பெரிய அளவிலான ஆய்வுக்கு இந்த வரையறை பொருத்தமானதே. ஆனால், அதன் முடிவுகள் மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தப் பயன்படும்போது, அதில் இடம்பெறாத பாடங்கள் வகுப்பறையில் பின்னுக்குத் தள்ளப்படும் அபாயம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்தி வைக்க இடமளிக்கும் விதிகள் 2024 டிசம்பரில் மத்திய அரசால் அறிவிக்கப்பட்டதும் இந்த அழுத்தத்தைக் கூட்டக் கூடும்.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது முழுமை முன்னேற்ற அட்டை. ஆசிரியரின் மதிப்பீட்டுடன் குழந்தையின் சுய மதிப்பீடு, சக மாணவர் கருத்து, பெற்றோர் கருத்து ஆகியவையும் அதில் இடம்பெறுகின்றன. கலை, உடல்நலம், பிறருடன் பழகும் பாங்கு ஆகியவற்றையும் அது பதிவு செய்கிறது. அந்த அட்டையை நிரப்ப ஆசிரியருக்குப் போதிய நேரம் இல்லையெனில், அதுவும் மற்றொரு படிவமாகிவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அமைக்கப்படும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அதன் பணிகள்.

கட்டடம், கழிப்பறை, குடிநீர் குறித்து வினவும் அந்தக் குழு, வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ள கால அட்டவணையையும் வினவலாம். அதில் கலைக்கும் விளையாட்டுக்கும் இடம் இருக்கிறதா, சென்ற மாதம் அந்தப் பாடவேளைகள் உண்மையில் நடந்தனவா, ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்பவை எளிய கேள்விகள். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளிலிருந்து, தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் வகுக்கப்படும் பாடத்திட்டத்தில் எவ்வளவு தங்கள் ஊர்க் குழந்தையை வந்தடைகிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ளலாம்.